பசுமை மாறாத் திரிபு: ஆனைமலைக் காடு துண்டான வரலாறு

திணைக் கோட்பாட்டைச் சூழலியலோடு இணைத்து நோக்கும் ஆய்வுகள் தமிழில் கடந்த கால்நூற்றாண்டில் பெருகியுள்ளன. முதற்பொருளும் கருப்பொருளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் தொல்காப்பியக் கருத்து இன்றைய உயிர்ச்சூழலியலின் அடிப்படையோடு ஒத்து வருவதை அவை எடுத்துக்காட்டின. அது பயனுள்ள பணியே. ஆயினும் அவற்றுள் பல, நிலத்தின் கேட்டினை வறட்சியாகவும் வெறுமையாகவும் மட்டுமே கண்டன. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்து இப்பார்வைக்கு இலக்கியச் சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. கோடையும் காய்ந்த மரமும் நீரற்ற சுனையும் அங்கே திரிபின் அடையாளங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் கடந்த 130 ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் திரிபிற்கு இவ்வடையாளங்கள் இல்லை. அங்கு மழை பொய்க்கவில்லை, பசுமையும் குறையவில்லை. வால்பாறைக்குச் செல்லும் பயணி ஆண்டு முழுவதும் பச்சை நிறத்தையே காண்கிறார். ஆனால் அப்பச்சையின் பெரும்பகுதி தேயிலை. இடையிடையே தெரியும் கரும்பச்சைத் திட்டுகளே பழைய மழைக்காட்டின் எச்சங்கள். காடு அங்கே முற்றாக அழியவில்லை, துண்டுபட்டது. அழிதலும் துண்டுபடுதலும் வேறு வேறு நிகழ்வுகள் என்பதையும், பின்னதை நம் சொற்களும் ஆவணங்களும் ஏன் காணத் தவறின என்பதையும் ஆனைமலைப் பீடபூமியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. நீலகிரியும் மூணாறும் ஒப்பீட்டிற்காக இடம்பெறுகின்றன.

உம்பற்காடும் மரக்கணக்கும்

பதிற்றுப்பத்துப் பதிகத்தில் வரும் உம்பற்காடு என்பது ஆனைமலைப் பகுதியே என்று அறிஞர் சிலர் கருதுவர். உம்பல் என்பது யானை. இவ்வடையாளம் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று எனினும், யானையால் பெயர்பெற்ற மலை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. காடர், மலசர், முதுவர், புலையர் முதலிய மக்கள் இம்மலையில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். கிழங்கு, தேன், ஏலம் முதலியன சேகரித்தும், சில இடங்களில் புனம் எரித்துப் பயிரிட்டும் வாழ்ந்த இவர்களின் காலத்தில் காட்டில் இடைவெளிகள் தோன்றவில்லை என்று கூற இயலாது. அவை சிறியவை, சில ஆண்டுகளில் மீண்டும் மூடிக்கொள்பவை. பின்னர் வந்த இடைவெளிகளிலிருந்து அவற்றை வேறுபடுத்துவது இம்மூடிக்கொள்ளும் தன்மையே.

ஆங்கிலேயர் ஆட்சி இம்மலையை முதலில் கண்டது மரக்கிடங்காக. பம்பாய்க் கப்பல் தளத்திற்குத் தேக்கு வேண்டியிருந்தது. 1840களின் இறுதியில் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படை அலுவலரின் பொறுப்பில் ஆனைமலைத் தேக்குக் காடுகள் விடப்பட்டன. 1856இல் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்கார்ன் தம் ஆனைமலைப் பயணத்தை 1861இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். 1882இன் சென்னைக் காட்டுச் சட்டம் ஒதுக்குக் காடுகளுக்கு எல்லை வகுத்தது. மலையின் மேற்குச் சரிவில் கொச்சி அரசு பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்க அமைத்த டிராம் பாதை 1907 முதல் 1963 வரை இயங்கியது.

இக்காலத்து வெட்டுதல் காட்டை மெலிவித்தது. தேக்கு, கருங்காலி முதலிய சில மரங்களே குறிவைக்கப்பட்டன. காட்டின் தொடர்ச்சி பெருமளவு குலையாதிருந்தது. தொடர்ச்சியை அறுத்தது அடுத்து வந்த தோட்டப் பயிர்.

தேயிலையின் எல்லைகள்

வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குக் காப்பி பயிரிடச் சில முயற்சிகள் நடந்தனவேனும், நிலைத்த தோட்டங்கள் 1890களிலேயே தொடங்கின. கார்வர் மார்ஷ் என்பவர் இதில் முன்னோடியாகக் கருதப்படுகிறார். வால்பாறைச் சாலையோரம் அவருக்குச் சிலையும் உண்டு. 1930களுக்குள், அதாவது ஒரு மனித ஆயுளுக்கும் குறைந்த காலத்தில், பீடபூமியின் பெரும்பகுதி காப்பியாகவும் பின்னர் தேயிலையாகவும் மாறியது. ஆனைமலை, பறம்பிக்குளம், வாழச்சால், மலையாற்றூர், இரவிகுளம் என்று சுற்றிலும் காடு தொடர்ந்து நிற்க, அதன் நடுவே ஒரு பெரிய ஓட்டை விழுந்தது.

இந்த ஓட்டையைத் தோண்டிய கைகள் தமிழரின் கைகள். திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்ட மக்கள் மழையிலும் மலேரியாவிலும் அட்டைக்கடியிலும் காட்டை வெட்டித் தேயிலை நட்டனர். அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழுக்கு வந்தது. 2013இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படம் அதனைத் தழுவியதே. இந்நாவலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உழைப்புச் சுரண்டலை ஆராய்ந்தன. அது முறையே. எனினும் காட்டின் வரலாற்றை எழுதுவோருக்கும் இந்நூல் ஓர் ஆவணமாகும். உயிர்க்கொல்லிக் காய்ச்சலின் இடமாகவே அம்மக்களுக்குக் காடு அறிமுகமானது. அதை இழப்பாக எண்ணும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவே இல்லை.

எஞ்சிய துண்டுகள் எவ்வாறு எஞ்சின என்பது தனியே நோக்கத்தக்கது. எவரும் அவற்றைக் காப்பதற்கென்று தேர்ந்தெடுக்கவில்லை. தேயிலை நட இயலாத செங்குத்துச் சரிவு, ஓடையோரச் சேற்று நிலம், நீருக்கெனவோ விறகுக்கெனவோ விடப்பட்ட பகுதி, ஏலக்காய்க்கு நிழல் தரும் பெருமரத் தோப்பு ஆகியவையே எஞ்சின. எனவே இன்றுள்ள காட்டுத் துண்டுகளின் வரைபடம், தேயிலைக் கணக்கின் மறுபக்கம் எனலாம். இன்று பீடபூமியில் நாற்பதுக்கும் மேற்பட்ட மழைக்காட்டுத் துண்டுகள் உள்ளன. ஓரிரு ஹெக்டேர் முதல் சில நூறு ஹெக்டேர் வரை அவற்றின் அளவு வேறுபடுகிறது. இவற்றுள் பல தனியார் தோட்டங்களுக்குள் அமைந்தவை. காப்புக்காட்டின் எல்லைக்குள் வாராதவை.

இவ்விடத்தில் ஒரு சொல் ஆய்விற்குரியது. கொங்கு வட்டாரத்தில் காடு என்பது மழையை நம்பிய புன்செய் நிலத்தையும் குறிக்கும். சோளம் விதைத்த நிலமும் காடு. யானை உலவும் வனமும் காடு. வால்பாறையிலோ தேயிலைத் தோட்டமும் தேயிலைக்காடு எனப்படுகிறது. விளையாத நிலத்திற்கும் விளையும் நிலத்திற்கும் ஒரே சொல் வழங்கும்போது, ஒன்று மற்றொன்றாக மாறிய நிகழ்வு பேச்சில் தடம் பதிப்பதில்லை. காடு இருந்தது, காடு இருக்கிறது. குரங்குமுடி, ஆனைமுடி, பன்னிமேடு என்று தோட்டப் பெயர்களில் விலங்குகளும் இருக்கின்றன. அப்பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் திரிபிற்கு முந்தைய நிலத்தின் ஒரு பட்டியல் கிடைக்கலாம் என்பது என் கருத்து. இடப்பெயராய்வாளர் தோட்டப் பெயர்களை அண்மைக்காலத்தவை என்று ஒதுக்குவது வழக்கம், அவ்வொதுக்கம் தேவையற்றது.

1958ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் துண்டாடலின் அடுத்த கட்டமாகும். 1960களில் ஆழியாறு, சோலையாறு, தூணக்கடவு, பறம்பிக்குளம் என அடுத்தடுத்து அணைகள் எழுந்தன. பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளின் வேளாண்மை இவற்றால் வளம் பெற்றது என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில் மேட்டைத் தேயிலைக்குக் கொடுத்த காடு, தன் பள்ளத்தாக்குகளை நீருக்குக் கொடுத்தது. ஆற்றோரத் தாழ்நிலக் காடுகளே விலங்குகள் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லப் பயன்பட்ட வழிகள். அவை மூழ்கின. சமவெட்டுக் கால்வாய்களின் செங்குத்தான கரைகள் யானைகளின் போக்கைத் தடுத்தன. காடர் குடியிருப்புகளும் இடம்பெயர நேர்ந்தது.

துண்டுக்குள் நிகழ்வது

ஒரு காடு பத்துத் துண்டுகளானால், முன்பிருந்தது பத்தாகப் பகிரப்பட்டது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. 1967இல் ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்டு வில்சனும் தீவுகளின் உயிரினத் தொகையைப் பற்றி வெளியிட்ட நூல் இதனை விளக்கத் துணை செய்தது. தீவு சிறிதாகுந்தோறும், பெருநிலத்திலிருந்து தொலைவாகுந்தோறும் அதில் நிலைக்கும் உயிர் வகைகள் குறையும் என்பது அவர்களின் கொள்கை. தேயிலைக் கடலில் மிதக்கும் காட்டுத் துண்டும் ஒருவகைத் தீவே. ஆனால் இவ்வுவமையில் ஒரு குறை உண்டு. கடல் தீவுக்குள் புகுந்து அதை மாற்றுவதில்லை. தோட்டமோ துண்டுக்குள் புகுகிறது.

முதலில் புகுவன வெயிலும் காற்றும். மழைக்காட்டின் உட்புறம் இருளும் ஈரமும் உடையது. விளிம்பில் வெயில் விழும்போது மண் உலர்கிறது. நிழலுக்குப் பழகிய நாற்றுகள் மடிகின்றன. காற்றைத் தடுக்க அயல்மரம் இல்லாமையால் பெருமரங்கள் சாய்கின்றன. துண்டு சிறிதாயின் விளிம்பின் பங்கு மிகுந்து, நடு என்பதே இல்லாமற் போகிறது. அடுத்துப் புகுவன அயல் தாவரங்கள். வால்பாறைத் துண்டுகளில் இதற்கு வியப்பான சான்று ஒன்று உண்டு. ரொபஸ்டா காப்பியின் பழத்தை விலங்குகள் தின்று காட்டிற்குள் விதையை இட, காப்பிச் செடிகள் தாமே முளைத்து நெருங்கி வளர்கின்றன என்றும், விளிம்பை அணுகுந்தோறும் அவற்றின் செறிவு மிகுகிறது என்றும் 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நிறுவியது. தோட்டக்காரர் வெட்டாது விட்ட காட்டையும் தோட்டப் பயிர் விட்டுவைக்கவில்லை.

சோலைமந்தி எனவும் சிங்கவால் குரங்கு எனவும் வழங்கும் விலங்கின் நிலை இத்திரிபைத் தெளிவாகக் காட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத இக்குரங்கு, மர உச்சியிலேயே வாழ்ந்து பழகியது. வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் அதன் முக்கிய உணவுகளுள் அடங்கும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் 1973இல் ஒப்புதல் பெற்ற நீர்மின் திட்டம் 1983இல் கைவிடப்பட்டதற்கான நெடிய போராட்டத்தில் இக்குரங்கே அடையாளமாக நின்றது. 1976இல் களக்காடு சரணாலயம் அமைந்ததும் இதன் பொருட்டே. பெரிய, அறுபடாத காடு இருந்தால் இக்குரங்கு பிழைக்கும் என்பது அக்காலப் பாடம்.

வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் அப்பாடத்தைச் சிக்கலாக்கியது. நூறு ஹெக்டேருக்கும் குறைந்த ஒரு காட்டுத் துண்டில் அடைபட்ட சோலைமந்திகள் அங்கே அழியவில்லை. மாறாகப் பல மடங்கு பெருகின. ஆனால் பெருகியவை பழைய சோலைமந்திகளாக இல்லை. மரம் விட்டிறங்கித் தரையில் நடந்தன. காப்பிப் பழத்தையும் தோட்டத்துக் கொய்யாவையும் தின்றன. குடியிருப்பு வீடுகளின் கூரை ஏறின. பொள்ளாச்சிச் சாலையில் வண்டிகளில் அடிபட்டு இறந்தன. அவை கடப்பதற்காகச் சாலைக்கு மேலே மரத்திற்கு மரம் துணிப்பட்டைப் பாலங்கள் கட்டப்பட்டன. எண்ணிக்கையை மட்டும் காண்போர் இதனை வெற்றி என்பர். கருப்பொருள் என்னும் சொல்லை அறிந்த நாம் அவ்வாறு எளிதில் கூற முடியாது. ஒரு விலங்கு நிலத்தின் கருப்பொருளாவது அந்நிலத்தின் மரத்தோடும் உணவோடும் ஒழுக்கத்தோடும் அது கொண்ட உறவினால் அன்றி, அங்கே உயிரோடு இருப்பதனால் மட்டும் அன்று.

பெரிய இருவாட்சியின் நிலை இதற்கு மறுதலை. அது பறக்க வல்லது; துண்டிலிருந்து துண்டிற்குச் சென்று பழம் தின்று விதை பரப்புவது. கூடு கட்டவோ முதிர்ந்த பெருமரத்தின் பொந்து வேண்டும். நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டம் அதற்கு ஓரளவு வழியாகிறது. ஆஸ்திரேலியச் சவுக்கான சில்வர் ஓக் மட்டும் ஆங்காங்கே நிற்கும் தேயிலைத் தோட்டம் அவ்வாறு பயன்படுவதில்லை. எனவே துண்டுகளைப் போலவே அவற்றின் இடையிலுள்ள நிலமும் உயிர்களின் தலைவிதியை வகுக்கிறது. மண்ணில் வளைத்து வாழும் சிறு பாம்புகளுக்கும் தவளைகளுக்கும் ஒரு தார்ச்சாலையே கடத்தற்கரிய எல்லையாகிறது. மழைக்காலத்தில் ஆனைமலைச் சாலைகளில் நசுங்கிக் கிடப்பவற்றுள் இவை மிகுதி.

மரங்கள் நூற்றாண்டுகள் வாழ்பவை. விதை பரப்பும் உயிர் நீங்கிய பின்னும், தன் கீழ் ஒரு நாற்றும் முளையாத நிலையிலும், பெருமரம் பசுமையாகவே நிற்கும். அழிவு உறுதியாகிவிட்டது; நிகழ்வது மட்டுமே எஞ்சியுள்ளது. இதனைச் சூழலியலார் அழிவுக் கடன் என்பர். திரிபின் அடையாளம் வறட்சியே என்று கொள்ளும் வாசிப்பு இக்கடனைக் கண்டறிய உதவாது.

புல்வெளி என்னும் தரிசு

ஆனைமலையில் காடு தோட்டமாயிற்று. நீலகிரியில் நிகழ்ந்தது இதன் தலைகீழ்: மரம் இல்லாத இடத்தில் மரம் நட்டதே அங்குத் துண்டாடலாயிற்று.

நீலகிரியின் மேட்டுநிலம் அகன்ற புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கிய சோலைகளும் கொண்டது. இங்குச் சோலை என்பது பூம்பொழிலைக் குறிப்பதன்று. உயர்மலையின் குட்டை மரங்கள் அடர்ந்த குளிர்காடு. இச்சொல் ஆங்கிலத்திற்குச் சென்று, உலகத் தாவரவியலின் கலைச்சொல்லாயிற்று. 2017இல் இம்மலைகளுக்கே உரிய ஒரு பறவைப் பேரினத்திற்குச் 'சோலிக்கோலா' என்று அறிவியற்பெயர் இடப்பட்டது; சோலையில் வாழ்வது என்பது பொருள். சோலைக்கு இச்சிறப்பு வாய்த்தது. அதனை விடப் பன்மடங்கு பரந்திருந்த புல்வெளிக்கோ அத்தகைய சொல் எதுவும் வாய்க்கவில்லை. தோதவருக்கு அது எருமை மேயும் நிலமும் வழிபாட்டு நிலமும் ஆகும். 1819இல் மலையேறிய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவனுக்குப் பின் வந்த நிருவாகத்தின் ஏடுகளில் அது தரிசு.

தரிசு என்ற சொல்லுக்குள் ஒரு கட்டளை அடங்கியுள்ளது: பயன்படுத்துக. 1830களில் ஆஸ்திரேலியச் சீகை மரங்களும், 1840களில் தைல மரமும் விறகுத் தேவைக்கென நீலகிரிக்கு வந்தன. விடுதலைக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் அந்நடவைப் பன்மடங்காக்கின. தோல் பதனிடும் சாயத்திற்கும் செயற்கைப் பட்டிழை ஆலைக்கும் மரம் வேண்டியிருந்தது. அந்நிய ஆட்சி நீங்கிய பின்னும் அதன் நில வகைப்பாட்டுச் சொல் நீங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. புல்வெளி பழங்காலக் காடு எரிந்ததனால் உண்டானது, ஆகவே மரம் நடுவது மீட்பே என்றும் சிலர் வாதிட்டனர். உறைபனியே அங்கு மரக்கன்றுகளைத் தடுக்கிறது என்று வன அலுவலர் சி.ஆர். ரங்கநாதன் 1938இலேயே எழுதியிருந்தார். 1993இல் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளரும் நீலகிரியின் சதுப்புக்கரியை ஆராய்ந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாற்றில் புல்லும் மரமும் காலநிலைக்கேற்ப ஏறியிறங்கி வந்ததைக் காட்டினர். மனிதர் மரம் வெட்டியதால் நேற்று உண்டானதன்று அப்புல்வெளி.

சங்கப் பாடல்கள் வருடை என்று குறிப்பிடும் விலங்கை இன்றைய வரையாடு என்று கொள்வது பொதுவழக்கு. செங்குத்துப் பாறையும் அதனை ஒட்டிய திறந்த புல்வெளியும் அதற்கு வேண்டும். சீகைக் காடு சூழ்ந்தபின் ஒரு குன்றின் கூட்டம் மறு குன்றின் கூட்டத்தோடு கலக்க இயலவில்லை. நீலகிரியில் அது இன்று முக்குருத்தி முதலிய ஒதுங்கிய பகுதிகளில் எஞ்சியுள்ளது. 1975இல் ஈ.ஆர்.சி. டேவிடார் இவ்விலங்கின் மொத்தத் தொகையை ஏறத்தாழ 2,200 என மதிப்பிட்டார். தமிழ்நாட்டில் மட்டும் 1,031 என்று 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தெரிவித்தது. பழனி மலையிலோ 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்ட ஆய்வு வெளிப்படுத்தியது. மாவட்டத்தின் மரப்போர்வை கூடியது என்று அறிக்கை எழுதப்பட்ட ஆண்டுகளும் இவையாக இருக்கக்கூடும். அத்தகைய அறிக்கையில் பொய் இராது என்பதே இதன் கொடுமை.

மூணாறு வேறு வழியில் சென்றது. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ பெற்ற குத்தகையிலிருந்து கண்ணன் தேவன் தேயிலை வளர்ந்தது. அங்கும் காடு வெட்டப்பட்டது. ஆயினும் இரவிகுளத்தின் உயர்ந்த புல்வெளியைத் தோட்ட அலுவலர் தம் வேட்டைக்கும் தூண்டில் மீன்பிடிப்பிற்கும் ஒதுக்கி வைத்தனர். முதுவரைக் காவலராக அமர்த்தினர். 1971இல் கேரள அரசு சட்டம் இயற்றி நிலத்தை மீட்டது. 1975இல் சரணாலயமும் 1978இல் தேசியப் பூங்காவும் அமைந்தன. வெறும் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்கா, எல்லை கடந்து ஆனைமலையின் புல்மலைப் பகுதியோடு தொடர்வதனால், உலகின் மிகப் பெரிய வரையாட்டுத் தொகைக்கு இடமாயிற்று. ஒருசில வெள்ளையரின் பொழுதுபோக்குக் காத்த ஒன்றை மற்றோரிடத்தில் வளர்ச்சித் திட்டம் அழித்தது என்பது உவப்பான செய்தி அன்று. எனினும் வரலாறு அவ்வாறே அமைந்துள்ளது.

வலசை

தமிழ்ப் பேரகராதி வலசை என்பதற்குப் பகைவருக்கு அஞ்சி ஊர்விட்டு வேற்றிடம் பெயர்தல் என்ற கருத்தில் பொருள் தரும். இன்று அச்சொல் யானைக்கும் பறவைக்கும் உரியதாகிவிட்டது. வலசைப்பாதை என்பது செய்தித்தாளிலும் நீதிமன்றச் செய்தியிலும் அன்றாடச் சொல். நீலகிரியின் சீகூர் மேட்டுநிலத்தில் யானை வழித்தடத்தை அறிவித்த 2010ஆம் ஆண்டு அரசாணையை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. துண்டாடலின் வரலாற்றில் இடைநிலத்திற்குச் சட்டப்பெயர் கிடைத்த நிகழ்வு அது.

வால்பாறையில் யானைகள் நீதிமன்றத்திற்குக் காத்திருக்கவில்லை. நடுவாறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோரக் காட்டையும் சிறு துண்டுகளையும் பகலில் ஒதுங்கவும், தேயிலை வரிகளை இரவில் கடக்கவும் அவை பயன்படுத்துகின்றன. அங்கு யானையால் இறந்தோர் பலர், யானை அருகிலிருப்பதை அறியாது மாலையிலும் இரவிலும் வழிநடந்தோர். எதிர்பாராது சந்திப்பதே கேட்டிற்குக் காரணம் என்று கண்டறிந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் குழுவினரும், யானை நிற்குமிடத்தைக் குறுஞ்செய்தியாலும் உள்ளூர்த் தொலைக்காட்சியாலும் சிவப்பு விளக்குகளாலும் 2011 முதல் தொழிலாளருக்கு அறிவிக்கும் முறையை ஏற்படுத்தினர். அதன்பின் இறப்புகள் குறைந்தன. அதே அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோர் தோட்ட நிருவாகங்களின் இசைவோடு 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய நாட்டு மர நடவு, சிதைந்த துண்டுகளைச் சீராக்கும் முயற்சியாகும். நட்ட மரங்களின் வயது இன்று கால்நூற்றாண்டு. இருவாட்சி கூடு கட்டும் பொந்து அவற்றில் உண்டாக இன்னும் பல தலைமுறை செல்லும்.

அறுத்ததை ஒட்டும் பணிக்கு யார் விலை தருகின்றனர் என்னும் வினா, ஆனைமலைக்குத் தெற்கே பொருநையின் மலையில் கூர்மையாக எழுந்துள்ளது. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவே மாஞ்சோலைத் தோட்டங்கள் உள்ளன. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட ஏறத்தாழ 8,370 ஏக்கர் நிலம் அது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு அறிவித்தது. நான்கு தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் வெளியேற வேண்டிய நிலை உருவானது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்று தொழிலாளர் தரப்பு உயர்நீதிமன்றத்தை நாடியது. அக்கோரிக்கை 2024 டிசம்பரில் ஏற்கப்படவில்லை. காட்டின் நடுவிலுள்ள ஓட்டை மூடப்படுவது சோலைமந்திக்கும் புலிக்கும் நன்மையே. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓட்டையைத் தோண்டுமாறு அழைத்துவரப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் அதே மலையிலிருந்து ஒரு வீட்டுமனைக்கு மனுக் கொடுத்து இறங்குவதை, காட்டு மீட்பு என்ற ஒரே சொல்லால் எழுதிவிட முடியாது. வலசை என்ற சொல்லின் பழம்பொருள் இங்கு மீண்டும் மனிதருக்கு வந்து சேர்கிறது.

இத்தோட்டங்களில் பிறந்தோரிடம் தேயிலைக்காடுகளின் எண்களோடு, அவற்றை ஒட்டிய ஓடைக்கும் பாறைக்கும் காட்டுத் துண்டுக்கும் விலங்கு கடக்கும் துறைக்கும் வழங்கும் பெயர்கள் உள்ளன. காடரும் முதுவரும் அதே இடங்களை வேறு பெயர்களால் அழைப்பர். இவ்விரு பெயர்த்தொகுதிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்தத் துண்டு எப்போது எதனோடு சேர்ந்திருந்தது என்பதை வருவாய் ஏடுகள் தராத அளவில் அறியக்கூடும். மாஞ்சோலையில் இப்பணிக்கு 2028 வரை காலம் உண்டு என்று கருதவேண்டா. பெயர் அறிந்தோருள் பலர் ஏற்கெனவே மலையை விட்டு இறங்கிவிட்டனர்.